காகிதப்பூவின் இதழ் இதழில்லை என்றால் அதை என்னவென்று எழுதுவது?

கேள்வி இதுதான்: "காகிதப்பூவில் இளஞ்சிவப்பாகத் தெரிவது இதழே அல்ல என்கிறார்கள். அப்படியானால் செடியை விவரித்து எழுதும்போது அதை என்னவென்று சொல்வது? இதழ், அல்லி, புல்லி, பூவிதழ், மடல் என்று சொற்கள் குவிந்து கிடக்கின்றன. பேசாமல் 'இதழ் போன்ற பாகம்' என்று எழுதிவிட்டால் தப்பா?"

தப்பில்லை, ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். 'இதழ் போன்ற' என்பது தோற்றத்தைச் சொல்கிற அடைமொழி. அதற்குப் பின்னால் ஓர் உறுப்பின் பெயர் வந்தாக வேண்டும். இதழ் போன்ற எது? இலையா, புல்லியா, மகரந்தத்தாளா? அந்தப் பெயரை நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. அது எந்த இடத்தில் முளைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பூவை விவரிக்கும் சொற்களில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருவது.

இடம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பூவை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போனால் முதலில் புல்லி வட்டம், அடுத்து அல்லி வட்டம், அப்புறம் மகரந்தம் தரும் மகரந்தத்தாள் வட்டம், நடுவில் காயாகப்போகும் சூலக வட்டம். பூ எந்தச் சிற்றிலையின் கக்கத்திலிருந்து கிளம்புகிறதோ அந்தச் சிற்றிலை பூவடிச் செதில். பூக்காம்பின் மேலேயே இன்னும் சிறிதாக ஒன்றிரண்டு இருந்தால் அவை பூக்காம்புச் செதில். இவை தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. இலங்கைத் தமிழில் படித்தவர்கள் மகரந்தத்தாளைக் கேசரம் என்றும் பூவடிச் செதிலைப் பூவடியிலை என்றும் சொல்வார்கள். எனக்குப் பூவடியிலைதான் பிடிக்கும். செதில் என்றதும் மீன் நினைவுக்கு வருகிறது. காகிதப்பூவில் இருப்பதோ நரம்போடிய முழு இலை. ஆனாலும் பழகிப்போன சொல், இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

'இதழ்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றாடப் பேச்சில் பூவில் மெல்லியதாக, நிறமாக விரிந்திருக்கும் எதுவும் இதழ்தான். அதில் குற்றம் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியலைப் பார்த்தால் தோடு, மடல், ஓலை, ஏடு, பாளை ஆகியவற்றோடு இதழையும் சேர்த்து, இவை 'புல்' வகைக்கு உரிய சொற்கள் என்று சொல்லியிருக்கிறது. பனை, தென்னை மாதிரி வெளிப்புறம் வைரம் பாய்ந்தவைதான் அங்கே புல். ஆக, பூவுக்கு மட்டும் சொந்தமான சொல்லாக இதழ் அந்தக் காலத்திலேயே இருந்ததில்லை. ஆகவே விவரணையில் 'இதழ்' என்பதைப் பொதுச் சொல்லாக வைத்துக்கொண்டு, உறுப்பைக் குறிக்கும்போது 'அல்லி', 'புல்லி' என்று எழுதுவதே நல்லது. அகவிதழ் அல்லி, புறவிதழ் புல்லி. அல்லி என்றொரு பூவும் இருப்பதால் 'அல்லியின் அல்லிகள்' என்று எழுத நேரும். அந்தச் சங்கடத்துக்கு 'அல்லியிதழ்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம்.

சரி, காகிதப்பூவுக்கு வருவோம். ஒரு கொத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மூன்று வண்ணத் தகடுகள். ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும், நடு நரம்போடு ஒட்டிக்கொண்டு, தீக்குச்சி அளவில் ஒரு குழல். அதன் வாய் வெள்ளையாகச் சிறு நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். அந்தக் குழல்தான் பூ. அதன் காம்பு தகட்டின் நடு நரம்போடு இணைந்துபோயிருக்கிறது. தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் அதே செடியின் பச்சை இலை ஒன்றையும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வலைப்பின்னல். ஒரு பூவைத் தாங்கி நிற்கும் இலை என்பதால் அது பூவடிச் செதில். எழுத வேண்டியது: 'மூன்று பூவடிச் செதில்கள், அல்லி போன்றவை, இளஞ்சிவப்பு, தாள்போல் மெல்லியவை.' இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குழலில் அல்லியே கிடையாது. வெள்ளை நட்சத்திரமாகத் தெரிவது புல்லி வட்டத்தின் விளிம்பு.

இதே குடும்பத்தில் அந்திமந்தாரை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு பாடமே கிடைத்துவிடும். அந்திமந்தாரையில் அடியில் பச்சையாக ஐந்து பல்லுள்ள ஒரு கிண்ணம். அதிலிருந்து வண்ணப் புனல் ஒன்று எழும்புகிறது. யாரைக் கேட்டாலும் பச்சைக் கிண்ணம் புல்லி வட்டம், புனல் அல்லி வட்டம் என்பார்கள். இரண்டுமே தவறு. புனல்தான் புல்லி வட்டம். பச்சைக் கிண்ணம், பூவடிச் செதில்கள் ஒன்றாக இணைந்து உண்டான உறை. இதை எப்படி நம்புவது? இதே பேரினத்தின் வேறு சில இனங்களில் அந்தப் பச்சைக் கிண்ணம் ஒன்றுக்குள் பல பூக்கள் இருக்கும். ஒரு புல்லி வட்டத்துக்குள் பல பூக்கள் இருக்க வழியில்லை. ஆக, காகிதப்பூவில் பூவடிச் செதில் அல்லி வேடம் போடுகிறது. அந்திமந்தாரையில் புல்லி அல்லி வேடம் போட, பூவடிச் செதில் புல்லி வேடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒரே குடும்பத்தில் இரண்டு நாடகம்.

பூவடிச் செதில் இப்படி முன்னுக்கு வந்து நிற்பது அபூர்வமல்ல. பாயின்செட்டியாவின் சிவப்பு 'இதழ்கள்' எல்லாம் மேல்நுனி இலைகள். பாதி பச்சை, பாதி சிவப்பாக இடைப்பட்ட இலை ஒன்றாவது தண்டில் பெரும்பாலும் கிடைக்கும். அதைக் கண்டால் அப்புறம் சந்தேகமே வராது. வாடாமல்லியில் வாடாமல் நிற்பது, சிறு பூக்களை அணைத்திருக்கும் செதில்கள். சருகுபோல் ஏற்கெனவே உலர்ந்தவை என்பதால் வாட ஒன்றுமில்லை. ஆந்தூரியத்தில் சிவப்பாகப் பளபளப்பது ஒற்றைப் பூவடிச் செதில். ஒரு கதிர் முழுவதையும் அணைத்து நிற்கும் இப்படிப்பட்ட செதிலுக்குத் தமிழில் மடல், பாளை என்று சொற்கள் தயாராக இருக்கின்றன. இங்கே 'பூவடிச் செதில்' என்று எழுதுவதைவிட 'மடல்' என்பதே துல்லியம்.

மடல் என்றதும் வாழையைச் சொல்லாமல் விட முடியாது. வாழைப்பூ என்று நாம் சொல்வது ஒரு பூ அல்ல, முழு மஞ்சரி, அதாவது ஒரே தண்டில் திரண்ட பூத்தொகுதி. செம்மை ஏறிய ஒவ்வொரு மடலும் ஒரு பூவடிச் செதில். அதைத் தூக்கினால் அடியில் வரிசையாகப் பூக்கள். பெண் பூக்கள் இருக்கும் பகுதியில், ஒரு மடலுக்கு அடியில் இருந்தவை எல்லாம் சேர்ந்து ஒரு சீப்பு. அந்தச் சின்னப் பூ ஒன்றை எடுத்துப் பார்த்தால், ஐந்து பல்லுள்ள ஒரு தடித்த உறையும், அதற்கு எதிரில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தனி இதழ் ஒன்றும் இருக்கும். ஐந்து பற்கள் ஏனென்றால் மூன்று புறவிதழும் இரண்டு அகவிதழும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. மிச்சமிருந்த ஓர் அகவிதழ்தான் அந்தக் கண்ணாடி. இங்கே எதைப் புல்லி என்பது, எதை அல்லி என்பது?

இந்த இடத்துக்குத்தான் 'பூவிதழ்' என்ற சொல். புல்லி, அல்லி என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வெளி வட்டமும் உள் வட்டமும் ஒரே மாதிரி இருந்தால், மொத்தத்தையும் பூவிதழ் வட்டம் என்றும் ஒவ்வோர் உறுப்பையும் பூவிதழ் என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்கின்றன. இலங்கை வழக்கில் அந்த வட்டம் பூவுறை. செங்காந்தள் நல்ல உதாரணம். ஆறும் ஒரே மாதிரி பின்னோக்கி மடிந்து, ஓரம் அலை அலையாக, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். 'ஆறு அல்லிகள்' என்றால் தவறு. 'ஆறு பூவிதழ்கள், இரண்டு வட்டங்களில் மும்மூன்றாக' என்றால் சரி. லில்லி, டூலிப் எல்லாம் இப்படித்தான்.

ஆனால் 'பூவிதழ்' என்ற சொல்லில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பொது வாசகர் அதைப் படித்தால் பூவின் இதழ் என்றுதான் புரிந்துகொள்வார். 'அல்லி அல்ல, புல்லியும் அல்ல, பிரிக்க முடியாத ஒன்று' என்ற பொருள் அவருக்குப் போய்ச் சேராது. அதனால் நான் முதல் தடவை எழுதும்போது 'பூவிதழ், அதாவது டெபல்' என்று போட்டுவிடுவேன். டெபல் என்பதே செய்து வைத்த சொல்தான். புல்லிக்கான செபல் என்ற சொல்லைத் தாவரவியலாளர் நெக்கர் 1790-இல் உண்டாக்கினார். அல்லியைக் குறிக்கும் பெட்டல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. இரண்டிலும் சேராததற்கு ஒரு பெயர் வேண்டும் என்று இன்னொரு தாவரவியலாளர் தெ கந்தோல் 1827-இல் முன்வைத்ததுதான் டெபல். பெட்டலின் எழுத்துகளை ரோமன் வடிவில் இடம் மாற்றிப் பாருங்கள், டெபல் வந்துவிடும். தேவைப்பட்டபோது அவர்களும் எழுத்தைக் கலைத்துப் போட்டுத்தான் சொல் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

எல்லாப் பிரிவுகளிலும் ஆறு உறுப்பைப் பார்த்தவுடன் பூவிதழ் என்று எழுதிவிடவும் கூடாது. ஆர்க்கிடில் வெளியே மூன்று, உள்ளே மூன்று, எல்லாமே வண்ணமயம். ஆனால் உள் வட்டத்தின் ஒன்று மட்டும் உதடுபோல் மாறித் தனியாகத் தெரிவதால் வட்டங்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. எனவே ஆர்க்கிடை விவரிப்பவர்கள் வழக்கமாக 'அல்லி போன்ற மூன்று புல்லிகள், இரண்டு அல்லிகள், ஓர் உதடு' என்று எழுதுகிறார்கள். இது வழக்காற்றையும் பொறுத்தது. நீங்கள் எழுதும் குடும்பத்துக்கு மற்றவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதைப் பின்பற்றுங்கள், புதுமை வேண்டாம்.

புல்லி அல்லியாக நடிப்பதற்கு வேகமாக இரண்டு உதாரணம். கிளெமாட்டிஸில் விரிந்து நிற்பவை முழுக்கப் புல்லிகள். முசாண்டாவில் கொத்தில் ஒரு சில பூக்களில் மட்டும், ஐந்து புல்லிகளில் ஒன்று உள்ளங்கை அளவுக்கு வெள்ளை இலையாக வளர்ந்துவிடும். மற்ற நான்கும் ஊசிபோல் இருக்கும். அதே பூவில் மஞ்சளாக நட்சத்திரம்போல் இருப்பதுதான் அல்லி. தோட்டங்களில் வைக்கும் இளஞ்சிவப்பு வகைகளில் ஐந்து புல்லிகளும் பெருத்துவிடுவதால் அசல் அல்லி அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

இனி உள்ளே போவோம், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த ஏமாற்று மகரந்தத்தாளில்தான் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் கல்வாழையை விவரித்து எழுதியபோது 'பெரிய சிவப்பு அல்லிகள் நான்கு' என்று தைரியமாக எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் 'அப்படியானால் அடியில் கூர்மையாக மூன்று நிற்கிறதே, அது என்ன?' என்று மட்டும் எழுதி அனுப்பினார். அந்த மூன்றுதான் அல்லி. நான் அதைப் புல்லி என்று நினைத்திருந்தேன். புல்லியோ அதற்கும் கீழே, சொரசொரப்பான சூலகத்தின் தலையில், இன்னும் சிறிதாக மூன்று. அப்படியானால் பெரிதாக விரிந்து நிற்பவை? மகரந்தத்தாள்கள். மகரந்தம் தராமல் அல்லி போலத் தட்டையாகிவிட்டவை. இவற்றுக்கு 'மலட்டு மகரந்தத்தாள்' என்று பெயர். முழுதாக எழுதினால் 'அல்லி போன்ற மலட்டு மகரந்தத்தாள்'. நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. 'அல்லி போன்ற' தோற்றம், 'மலட்டு' செயல், 'மகரந்தத்தாள்' இடம்.

இஞ்சிக் குடும்பத்துப் பூக்களிலும் உதடாகப் பெரிதாக நிற்பது இப்படிப்பட்ட மலட்டுத் தாள்கள் இணைந்ததுதான். ஆகவே ஆர்க்கிடின் உதடும் இஞ்சியின் உதடும் பெயரில் ஒன்று, பிறப்பில் வேறு. 'உதடு' என்பது வடிவப் பெயர். உறுப்புப் பெயர் அல்ல. கூடவே எந்த உறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள்.

மகரந்தத்தாள் அல்லியாவது வெளியூர் விஷயம் அல்ல. அடுக்குச் செம்பருத்தியில் தினமும் நடக்கிறது. ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து அல்லி, நடுவில் மகரந்தத்தாள் குழல். அடுக்கில் அந்தக் குழலிலிருந்து அல்லி போன்றவை குவியலாகக் கிளம்பும். கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் ஓரத்தில் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும் அரைகுறை அல்லி ஒன்று கிடைக்கும். இது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதற்கு 1991-இல் கோயனும் மேயரோவிட்ஸும் முன்வைத்த ஏ-பி-சி மாதிரி விளக்கம் தருகிறது. ஏ, பி, சி என்பவை பூவின் எந்த இடத்தில் எந்த உறுப்பு வர வேண்டும் என்று தீர்மானிக்கும் மூன்று வகை மரபணுக்கள். ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி, ஏ-யும் பி-யும் சேர்ந்தால் அல்லி, பி-யும் சி-யும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி மட்டும் என்றால் சூலகம். உள்ளே சி தளர்ந்தால் அந்த இடத்துக்கு ஏ வந்துவிடும். மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் அல்லி முளைக்கும். டூலிப்பில் வெளி வட்டமும் அல்லிபோல் இருப்பதற்குக் காரணம், பி அங்கேயும் பரவிவிடுவது என்று விளக்குகிறார்கள். அல்லித்தன்மை என்பது ஓர் இடத்தில் ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒன்று. அதனால்தான் அது பெயராக நிற்காமல் அடைமொழியாகவே நிற்கிறது.

இதற்கு உச்சம் அல்லிப்பூ. நீரில் நிற்கும் அந்தப் பூவின் உறுப்புகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து வரிசையாக அடுக்குங்கள். முதல் நான்கு புல்லி, வெளிப்புறம் பச்சை. அடுத்து அகன்ற அல்லிகள். வரவரக் குறுகும். எங்கோ ஓரிடத்தில் அல்லியின் நுனிக்கருகில் மஞ்சள் கோடாக மகரந்தப்பை தோன்றும். அதற்கப்புறம் முழு மகரந்தத்தாள். அல்லி எங்கே முடிந்தது, தாள் எங்கே தொடங்கியது என்று கோடு போடவே முடியாது. இங்கே எண்ணிக்கை எழுதாமல் 'அல்லிகள் பல, படிப்படியாக மகரந்தத்தாள்களாக மாறுபவை' என்று எழுதுவதே நேர்மை.

தனி உறுப்பாகவே இல்லாமல் அல்லிபோல் தெரிபவையும் உண்டு. எருக்கின் நடுவில் கிரீடம்போல் நிற்பதும், அரளியின் தொண்டையில் குஞ்சம்போல் நிற்பதும் அல்லி அல்ல. இருக்கிற உறுப்பிலிருந்து கிளம்பிய வளர்ச்சி. கரோனா என்பார்கள். எருக்கில் அது மகரந்தத்தாள் தூணிலிருந்து வருகிறது, அரளியில் அல்லியிலிருந்து. சூரியகாந்தியின் மஞ்சள் 'இதழ்' ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ, அதாவது கதிர்ச் சிறுமலர். பல அல்லிகள் இணைந்து ஒரே நாக்காக நீண்டிருக்கின்றன. நுனியில் தெரியும் சின்னப் பற்கள் அந்த இணைப்பின் தடயம்.

இணைந்த அல்லி பற்றி இன்னொரு எச்சரிக்கை. மல்லிகைக்கு எத்தனை இதழ் என்று கேட்டால் எண்ணிச் சொல்லிவிடுகிறோம். விவரணையில் அது 'அல்லிகள் இணைந்து குழலானவை. நுனி மடல்கள் இத்தனை' என்று வர வேண்டும். உதிர்ந்த பவழமல்லி ஒன்றைக் கையில் எடுங்கள். ஆரஞ்சுக் குழலோடு வெள்ளை மடல்கள் எல்லாம் ஒரே துண்டாக வந்திருக்கும். புல்லி செடியிலேயே தங்கிவிட்டது. தனித்தனி அல்லி என்றால் தனித்தனியாக உதிர்ந்திருக்கும். நுனியில் பிரிந்திருக்கும் துண்டுக்கு மடல் என்றால் பாளை மடலோடு குழம்பும் என்று தோன்றினால் 'அல்லி மடல்' என்று முழுதாக எழுதுங்கள். அவரைக் குடும்பத்தில் கொடி அல்லி, சிறகு அல்லி, படகு அல்லி என்று அழகான பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சங்குப்பூவில் பூ தலைகீழாகத் திரும்பியிருப்பதால் கொடி கீழே கிடக்கும். அதைப் பார்த்துப் படகு என்று எழுதிவிடாதீர்கள்.

நடைமுறையில் நான் செய்வது இது. முதலில் மகரந்தத்தாளையும் சூலகத்தையும் கண்டுபிடிப்பேன், ஏனென்றால் அவற்றின் வேலை தெளிவு. அப்புறம் அங்கிருந்து வெளியே எண்ணுவேன். கேள்விக்குரிய தகட்டின் கக்கத்தில் பூ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் பூவடிச் செதில், விவாதம் முடிந்தது. ஒரே ஒரு வட்டம்தான் இருக்கிறது என்றால், அது எவ்வளவு வண்ணமாக இருந்தாலும், வேறு சான்று இல்லாதவரை புல்லி என்று வைத்துக்கொள்வதே பொது வழக்கம். மொட்டையும் பார்ப்பேன், மொட்டை மூடி நிற்பது பெரும்பாலும் புல்லி. இவ்வளவு செய்தும் தெரியவில்லை என்றால் அப்போது நீங்கள் சொன்ன 'இதழ் போன்ற பாகம்' என்பதே சரியான சொல்.

அந்தக் கல்வாழையைக் கடைசியில் இப்படித் திருத்தி எழுதினேன்: 'புல்லிகள் 3, சிறியவை, பசுமையானவை, காயிலும் உதிராமல் நிற்பவை. அல்லிகள் 3, ஈட்டி வடிவின, அடியில் இணைந்தவை. அல்லி போன்ற மலட்டு மகரந்தத்தாள்கள் 4, சிவப்பு. அவற்றுள் ஒன்று உதடாகப் பின்னோக்கி வளைந்தது. வளமான மகரந்தத்தாள் 1, அதுவும் அல்லி போன்றது, ஒரு விளிம்பில் மட்டும் பாதி மகரந்தப்பை உடையது. சூல்தண்டு பட்டையாகத் தட்டையானது.' திருத்தியவர் இந்தத் தடவை ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. சூல்தண்டுக்கும் 'அல்லி போன்றது' என்று போடலாமா என்று மட்டும் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.